ஆட்டம் நிற்காமல் கோல்ஃப் மைதானத்தைப் பராமரிப்பதும் புதுப்பிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோல்ஃப் மைதானத்தில் புல்லைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விடியும் முன்பே புல்வெட்டும் மோவரோடு கிளம்பி, முதல் குழு டீயில் (முதல் அடியை அடிக்கும் மேடையில்) வந்து நிற்பதற்குள் ஐந்தாறு கிரீனாவது (பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள குட்டைப்புல் தரை) முடித்திருக்க வேண்டும். அந்த ஓட்டத்தில், ஆட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருப்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தினசரிப் பராமரிப்பு முதலில், பெரிய வேலைகள் பிறகு.

கிரீன் அருமையாக இருக்கும்போது ஏன் ஓட்டை போட்டுக் கெடுக்கிறீர்கள்?

அருமையாக இருக்கும்போது போட்டால்தான் அடுத்த பருவத்திலும் அருமையாக இருக்கும். புல் சோர்ந்து மஞ்சளித்த பிறகு ஓட்டை போட்டால், அந்தக் காயத்தை ஆற்றிக்கொள்ளவே அதற்குத் தெம்பு இருக்காது.

மேலே தெரியும் புல்லின் உயரம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். விஷயமெல்லாம் அதற்குக் கீழேதான் நடக்கிறது. தினமும் எத்தனையோ கால்கள் மிதிக்கின்றன. மோவரும் ரோலரும் ஓடுகின்றன. மண் இறுகி, காற்றுப் போக வழி அடைபட்டுவிடுகிறது. இன்னொரு பக்கம் புல்லின் பழைய தண்டும் வேரும் முழுக்க மக்காமல் மேல்மட்டத்தில் பஞ்சுபோல ஓர் அடுக்காகச் சேர்கின்றன. இதைத் தாட்ச் என்போம். கொஞ்சம் இருந்தால் நல்லது. பந்து விழும் அடியைத் தாங்கும். தடித்துப்போனால் நனைந்த மெத்தைபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலேயே ஈரம் கிடைப்பதால் வேர் கீழே இறங்காது. வெயில் கடுமையாக அடிக்கும் முதல் வாரத்திலேயே அந்தக் கிரீன் படுத்துவிடும்.

நம்பாதவர்களைக் கிரீனுக்கே கூட்டிப்போய்க் காட்டுவேன். மண் மாதிரி எடுக்கும் விரல் பருமனான குழாயைச் செருகித் திருகி எடுத்தால், ஒரு சாண் நீளத்துக்குக் குச்சிபோல மண் வரும். நல்ல கிரீனில் வெள்ளை வேர்கள் அதை நூல்போலப் பிணைத்திருக்கும். உடைத்தால்கூட இரண்டு துண்டும் பிரியாமல் தொங்கும். மூச்சுத் திணறும் கிரீனில், மேலே இரண்டு விரற்கடைக்குப் பழுப்புப் பஞ்சும் அதன்கீழ் கன்னங்கரேலென்று ஒரு பட்டையும் இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில்லாத மண்ணில் சில நுண்ணுயிர்கள் கந்தகச் சேர்மங்களிலிருந்து வெளிவிடும் வாயு அது. அதை ஒரு தடவை முகர்ந்தவர் யாரும் ஏன் ஓட்டை என்று என்னிடம் மறுபடி கேட்டதில்லை.

இன்னொன்று, பார்க்கத் தெரிகிற அளவுக்கு நாங்கள் அதிகம் எடுப்பதும் இல்லை. 12 மி.மீ. விட்டமுள்ள குழல் முனையால் 50 மி.மீ. இடைவெளியில் குத்தினால், கிரீனின் பரப்பில் சுமார் 4.5 சதவீதம்தான் வெளியே வருகிறது. வருடத்துக்கு இரண்டு முறை செய்தாலும் பத்து சதவீதத்தைத் தொடாது. அதனால்தான் "இந்த ஒரு தடவை விட்டுவிடுங்களேன்" என்று கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தாட்ச் ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. விட்டுப்போன தடவையை ஈடுகட்டப் பிறகு இன்னும் பெரிய முனையோடுதான் வர வேண்டியிருக்கும்.

எத்தனை நாளில் பழைய நிலைக்கு வரும்?

மண்ணை வெளியே எடுக்கும் குழல் முனை என்றால் இரண்டு, மூன்று வாரம். மண்ணை எடுக்காமல் ஊசிபோலக் குத்தும் மெல்லிய முனை என்றால் இரண்டு, மூன்று நாளில் கண்ணுக்கே தெரியாது. அதனால் வருடத்தில் ஒன்றிரண்டு முறை பெரிய வேலையைச் செய்துவிட்டு, நடுவில் மாதம் ஒரு தடவை ஊசி முனையால் காற்று விடுகிறோம். ஊசி முனை ஓட்டிய மறுநாள் ஆடியவர்களில் பாதிப்பேருக்கு வேலை நடந்ததே தெரிவதில்லை.

புல் வேகமாக வளரும் பருவத்தில் செய்தால்தான் சீக்கிரம் மூடும். ஆட நன்றாக இருக்கும் பருவமும் அதுதான் என்பதே இதிலுள்ள சங்கடம். வேறு நாளில் செய்யக்கூடாதா என்றால், செய்யலாம்; மூன்று வாரத்தில் ஆறுவது இரண்டு மாதம் இழுக்கும்.

அந்த ஓட்டையில் என் பந்து நின்றால்?

கிரீனில் காலணித் தடம், பந்து விழுந்த பள்ளம் போன்றவற்றைச் சரிசெய்ய 2019 முதல் விதி அனுமதிக்கிறது. மண்ணுக்குக் காற்று விட நாங்கள் போடும் ஏரேஷன் ஓட்டை அந்த அனுமதியில் சேராது. அதைத் தட்டிச் சமன்செய்ய முடியாது. ஆனால் பந்து ஓட்டைக்குள் நின்றால் அபராதமில்லாமல் நகர்த்திவைக்க, மைதானக் குழு உள்ளூர் விதி ஒன்றை அறிவிக்கலாம். அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு ஆடுங்கள். நட்புக்காக ஆடும் ஆட்டம் என்றால் அந்த வாரம் எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

இவ்வளவு மணலை எதற்குக் கொட்டுகிறீர்கள்?

தாட்சை முழுக்க வெளியே எடுக்க முடியாது. ஆகவே மணலைக் கலந்து அதை நீர்க்கச் செய்கிறோம். பாலில் தண்ணீர் கலப்பது மாதிரி. பால் எங்கும் போகவில்லை, அடர்த்திதான் குறைகிறது. ஓட்டைகளில் இறங்கும் மணல் காற்றுக்கும் தண்ணீருக்கும் பாதையாகிறது. மேலே பரவும் மணல், மேடு பள்ளங்களை நிரப்பிப் பந்தை நேராக ஓடவைக்கிறது.

இது புதுப் பழக்கமும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் புல்தரையைக் கவனித்துவந்த பழைய டாம் மாரிஸ், கிரீனில் மணல் இடுவதில் பெரும் நம்பிக்கை கொண்டவர். தற்செயலாக மணல் சிந்திய இடத்தில் புல் செழித்ததைக் கண்டு பிடித்துக்கொண்ட பழக்கம் என்று கதையாகச் சொல்வார்கள்.

எந்த மணலும் ஆகாது. துகளில் பெரும்பகுதி கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பொடியும் வண்டலும் அதிகமானால் ஓட்டையே அடைத்துக்கொள்ளும். ஒரு வருடம் ஒரு மணல், அடுத்த வருடம் வேறு மணல் என்று மாற்றினால் கேக் மாதிரி அடுக்கடுக்காகப் படிந்து, அடுக்குகளின் எல்லையில் தண்ணீர் தேங்கும். நல்ல மணல் கிடைத்தால் பத்து வருடத்துக்கும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள் என்று புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்.

கப்பை (பந்து விழும் குழியை) தினமும் ஏன் மாற்றுகிறீர்கள்? நேற்று இருந்த இடம் நன்றாகத்தானே இருந்தது?

குழியைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் எல்லாருடைய காலும் படுகிறது. எல்லாரும் குனிகிறார்கள், திரும்புகிறார்கள், கொடியை எடுக்கிறார்கள். ஒரு நாள் நெரிசலுக்குப் பிறகு அந்த வட்டம் நசுங்கிப் பளபளக்கும். இரண்டு நாள் விட்டால் குழியின் உதடு தேய்ந்து மொக்கையாகிவிடும்.

மாற்றுவது சின்ன வேலை. ஆனால் கை சுத்தம் வேண்டும். குழிவெட்டியைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே திசையில் திருகி இறக்க வேண்டும். குழியின் விட்டம் 108 மி.மீ. என்பது விதி, அதில் யாருக்கும் சலுகை இல்லை. வெட்டி எடுத்த புது மண்கட்டியைப் பழைய குழியில் வைத்து, மேல்மட்டம் சுற்றுப்புல்லோடு சரியாகச் சேரும்படி கீழே மண்ணைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரு நூலளவு உயர்ந்தால் மறுநாள் மோவர் அதன் தலையைச் சீவிவிடும். ஒரு வாரத்துக்கு அங்கே பழுப்பு வட்டம் நிற்கும். தாழ்ந்தால் பந்து துள்ளும். உள்ளங்கையால் தடவிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டாலும் இணைப்புத் தெரியாத அளவுக்கு வந்தபிறகு தண்ணீர் விட்டு மிதித்துவிட்டு வருவோம்.

வேலை நடக்கும் மாதங்களில் கப் வைக்கும் இடத்தை இன்னும் யோசித்துத் தேர்ந்தெடுக்கிறோம். சில குழிகள் (ஒரு டீயிலிருந்து அதன் கிரீன்வரையுள்ள ஆட்டப் பகுதியையும் குழி என்றே சொல்வோம்) மூடியிருக்கும்போது மற்ற கிரீன்களுக்கு மிதி கூடுகிறது அல்லவா?

போன மாதம் கிரீனில் பந்து வேகமாக ஓடியது. இப்போது மந்தமாக இருக்கிறதே?

பெரும்பாலும் நாங்களே வேண்டுமென்று மந்தமாக்கியிருப்போம். வெப்பம் ஏறும்போது வெட்டும் உயரத்தை அரை மில்லிமீட்டர் கூட்டினால் புல்லுக்கு இலைப்பரப்பு கூடும், உணவு தயாரிக்கும் வலு வரும். வேகத்தை விட்டுக்கொடுத்து உயிரைக் காப்பாற்றுகிறோம். சில நாள் வெட்டாமல் ரோலர் மட்டும் ஓட்டுவதும் உண்டு. அதில் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. லேசான ரோலர் அடிக்கடி ஓடினால் டாலர் ஸ்பாட் என்ற புள்ளிநோய் குறைவதையும் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

பந்தை உருட்டிவிட்டு அது எத்தனை அடி ஓடுகிறது என்று வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1935-இல் மரத்தில் வடிவமைத்தார். பிறகு 1970-களில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை அலுமினியத்தில் செய்து மைதானங்களுக்குக் கொடுத்தது. 18 கிரீனும் ஒன்றுக்கொன்று சீராக இருக்கிறதா என்று பார்க்கத்தான் கொடுத்தார்கள். பக்கத்து மைதானத்தின் எண்ணைவிட நம் எண் பெரிதா என்று பார்க்கும் போட்டி வந்தபிறகு எத்தனையோ நல்ல கிரீன்கள் அடிவரை சிரைக்கப்பட்டுச் செத்திருக்கின்றன. என்னைக் கேட்டால், ஒன்பது அடி ஓடினாலும் எல்லாக் கிரீனும் ஒன்பது அடியே ஓடினால் அதுதான் நல்ல மைதானம்.

உச்சி வெயிலில் தண்ணீர் தெளிக்கிறீர்களே, வீண்தானே?

அது பாய்ச்சுவதற்கு அல்ல, குளிரவைப்பதற்கு. ஒன்றிரண்டு நிமிடம் பனிபோலத் தூவினால் அது ஆவியாகும்போது இலையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வேருக்கான தண்ணீரை இரவிலோ விடியலிலோ விடுகிறோம்.

உறைபனி படிந்த காலையில் ஏன் திறக்க மறுக்கிறீர்கள்?

உறைந்த இலையின் செல்லுக்குள் பனிக்கட்டி இருக்கும். மிதித்தால் அது செல்லைக் கிழித்துவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து யார் எந்த வழியாக நடந்தார்கள் என்று காலடி காலடியாகப் பழுப்பு நிறத்தில் தெரியும். பனி உருகும்வரை காத்திருங்கள்.

நான் அடிக்கத் தயாராகும்போது எதிரே ஆள் வேலை செய்துகொண்டிருந்தால் என்ன செய்வது?

அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று உறுதியாகும்வரை அடிக்காதீர்கள். மோவரில் இருப்பவருக்கு இஞ்சின் சத்தத்திலும் காதடைப்பிலும் நீங்கள் "ஃபோர்!" என்று எச்சரித்துக் கத்துவது கேட்காது. கையை உயர்த்திக் காட்டுங்கள். அவர் ஒதுங்கி நின்றோ, கையசைத்தோ சைகை காட்டுவார். பார்த்தும் அவர் நகரவில்லை என்றால் குழாயைப் பிடித்துக்கொண்டோ, தோண்டிய பள்ளத்துக்குள் நின்றோ இருக்கலாம். ஒரு நிமிடம் பொறுங்கள். தலைக்கவசம் போட்டிருக்கிறாரே என்று துணிந்து அடிக்க வேண்டாம்.

எங்கள் பக்கமும் கடமை உண்டு. பெரிய வேலை நடக்கும் இடத்தில் பந்து விழும் எல்லைக்குள் ஆட்களை நிறுத்தாமல், குழியை மூடிவிட்டுச் செய்வதே சரி. "ஆட்டத்தையும் நடத்திக்கொண்டே ஓரமாகச் செய்துவிடலாம்" என்று மண்வெட்டி இயந்திரத்தை ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள புல்வெளி) ஓரத்தில் நிறுத்தும் பழக்கம் ஆபத்தானது.

புதுப்பிக்கும்போது முழுக்க மூடிவிட்டு ஒரே மூச்சில் முடிக்கலாமே?

முடியுமானால் அதுதான் சிறந்த வழி. வேலை சுத்தமாக இருக்கும், செலவும் குறையும். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானம் ஒவ்வொரு கோடையிலும் சில மாதம் மூடிவிடுகிறது. அந்த இடைவெளிதான் அங்கே பெரிய மாற்றங்களுக்கு நேரம் தருகிறது. நியூயார்க்கில் பொதுமக்கள் ஆடும் பெத்பேஜ் பிளாக் மைதானம், 2002 யு.எஸ். ஓப்பன் போட்டிக்கு முன்னால் 1990-களின் கடைசியில் மூடப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. அதே வளாகத்தில் வேறு நான்கு மைதானங்கள் இருந்ததால் ஆட வருகிறவர்களுக்குப் போக்கிடம் இருந்தது.

ஒரே ஒரு 18 குழி மைதானத்தை வைத்திருப்பவர்களுக்கு அப்படி வசதி இல்லை. ஒரு வருடம் மூடினால் உறுப்பினர்கள் வேறு இடத்துக்குப் பழகிவிடுவார்கள், வேலையாட்களின் பிழைப்பும் போய்விடும். அப்போது பிரித்துச் செய்வதுதான் வழி. ஒன்பது குழியை மூடிவிட்டு மற்ற ஒன்பதை இரண்டு சுற்று ஆடலாம். மூன்று குழியை மட்டும் மூடி, பயிற்சித் திடலிலோ அகலமான ஃபேர்வேயிலோ மூன்று குட்டிப் பார்-3 குழிகளை (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழிகள்) உண்டாக்கி 18-ஐ நிரப்பலாம். 27 குழி இருந்தால் யோகம். ஒன்பது ஒன்பதாகச் சுழற்றலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான் பிடிவாதமாக நிற்கும் ஒரே இடம் இது: மூடிய பகுதி முழுக்க மூடியிருக்க வேண்டும், திறந்த பகுதி முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பதினெட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வேலையைத் தொடங்கிவைத்துவிட்டால், வருடம் முழுக்க எங்கே பார்த்தாலும் கயிறும் பள்ளமும்தான். ஆடுகிறவருக்கும் நிம்மதி இல்லை, புல்லுக்கும் ஓய்வு இல்லை. பன்னிரண்டு நல்ல குழிகளைக் கொடுங்கள். பதினெட்டு அரைகுறைக் குழிகளைவிட அதில் ஆடுபவர்கள் சந்தோஷமாகத் திரும்பிப் போவார்கள்.

ஓய்வு கொடுப்பதில் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸ் நல்ல முன்மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஒரு காலத்தில் வாரம் மாற்றி வாரம் எதிர்த்திசையில் ஆடினார்கள்; பந்து விழும் இடமும் கால் படும் இடமும் மாறியதால் புல்லுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. குளிர்காலத்தில் ஃபேர்வேயில் அடிப்பவர் ஒரு சிறிய செயற்கைப்புல் விரிப்பைக் கையோடு கொண்டுபோய், பந்தை அதன்மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும். அவ்வளவு பேர்பெற்ற மைதானம் இதையெல்லாம் ஆடுபவர்களிடம் தயங்காமல் கேட்கிறது.

எந்த வேலை முதலில், எது கடைசியில்?

மண்ணுக்கு அடியில் இருப்பது முதலில். தண்ணீர்க் குழாய், வடிகால், மின்கம்பி எல்லாம் முடிந்தபிறகு கிரீன், பங்கர் (மணல் பள்ளம்), டீ. கடைசியாக வண்டிப்பாதை. பாதையை முதலில் போட்டுவிட்டு அதன்மேல் மணல் லாரி ஓடி நொறுங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாசனக் குழாயை மாற்றும்போது புதுக் குழாயில் அழுத்தச் சோதனை முடியும்வரை பழையதைத் துண்டிக்கக் கூடாது. குழி குழியாகத்தான் புதியதற்கு மாற்ற வேண்டும். நடுக்கோடையில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் போனால் புதுப்பிக்கும் வேலை இரட்டிப்பாகிவிடும்.

ஆட்டம் நடக்கும் ஃபேர்வேயின் குறுக்கே பள்ளம் தோண்டுவதாக இருந்தால், அன்று மூட முடிந்த நீளத்துக்குத்தான் தோண்ட வேண்டும். காலையில் புல்லைப் பாய்போலச் சீவி ஓரமாக வைத்துவிட்டு, தோண்டி, குழாய் பதித்து, மண்ணை ஒரு சாண் ஒரு சாணாகப் போட்டு இடித்து, மாலைக்குள் அதே புல்லைத் திரும்ப விரிக்க வேண்டும். இடிக்காமல் ஒரேயடியாக மண்ணைத் தள்ளி மூடினால் அன்று அழகாகத்தான் இருக்கும். அடுத்த நல்ல மழைக்குப் பிறகு, ஃபேர்வேயின் குறுக்கே நீளமாக ஒரு பள்ளம் அமுங்கித் தெரியும்.

தற்காலிகக் கிரீன் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது?

முந்தின நாள் ஃபேர்வேயில் ஒரு வட்டம் வெட்டிக் கொடியை நட்டால் மோசமாகத்தான் இருக்கும். தற்காலிகக் கிரீனை இரண்டு, மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். 12 மி.மீ. உயரத்திலிருந்து வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு மில்லிமீட்டருக்கு இறக்கி, நாலைந்து முறை மணல் தூவி, ரோலர் ஓட்டினால் பந்து ஒழுங்காக ஓடும். அடுத்தடுத்த வாரங்களில் குழியை மாற்ற இடம் இருக்கும்படி அகலமாக அமைக்க வேண்டும். சில இடங்களில் பெரிய கப் வைப்பார்கள். கரடுமுரடான தரையில் அது நியாயமானதுதான், சிறுவர்களும் புதியவர்களும் ரசித்து ஆடுவார்கள்.

ஒரு விதியையும் நினைவில் வையுங்கள். தற்காலிகக் கிரீன் பயன்பாட்டில் இருக்கும்போது, அந்தக் குழியின் வழக்கமான கிரீன் உங்களுக்குத் "தவறான கிரீன்" ஆகிவிடும். பந்து அதன்மேல் நின்றால் அங்கிருந்து அடிக்கக் கூடாது. அபராதமில்லாமல் வெளியே எடுத்துவைத்துத்தான் ஆட வேண்டும்.

கிரீனின் புல் வகையை மாற்ற எவ்வளவு காலம் ஆகும்?

எந்தப் புல், எந்தப் பருவம் என்பதைப் பொறுத்தது. வெப்பப் பகுதிக்கான குட்டைப் பெர்முடா வகைகளைத் தண்டுத் துண்டுகளாகத் தூவி வளர்ப்போம். சூடு ஏறும் பருவத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் ஆடும் நிலைக்கு வரும். குளிர்ப் பகுதிக்கான பென்ட் புல்லை விதைத்தால் வெயில் தணியும் பருவத்தில் தொடங்கி அடுத்த வசந்தத்துக்குப் பிறகுதான் திறக்க முடியும். பாய்ப்புல் விரித்தால் அன்றே பச்சையாகத் தெரியும். ஆனால் பச்சையாக இருப்பதும் ஆடத் தயாராக இருப்பதும் ஒன்றல்ல.

மண் அமைப்பு நன்றாக இருந்தால் கிரீனைத் தோண்டாமலே புல்லை மட்டும் மாற்றலாம். அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் 2-ஆம் எண் மைதானத்தில் 2014-இல் ஆண்கள், பெண்கள் யு.எஸ். ஓப்பன் இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் நடந்தன. அவை முடிந்த கையோடு அதே கோடையில் கிரீன்களைப் பென்ட் புல்லிலிருந்து பெர்முடாவுக்கு மாற்றினார்கள். பெர்முடா பிடிக்கும் பருவத்தைத் தவறவிடவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

புதுக் கிரீன் பச்சைப்பசேல் என்று இருக்கிறதே, ஏன் இன்னும் கயிறு கட்டி வைத்திருக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு மட்டும் என் சொந்த அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு கிரீனைப் பெயர்த்து முழுக்கப் புதிதாகக் கட்டினோம். திட்டப்படி திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் ஒரு போட்டி வந்தது; "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, இரண்டு நாளுக்கு மட்டும்" என்று கேட்டார்கள். நானும் கடைசியில் தலையாட்டிவிட்டேன். இரண்டு நாளும் எல்லாரும் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் காலை, பனித்துளிகளுக்கு நடுவே குழியைச் சுற்றித் தட்டு அகலத்துக்குப் புல் சாம்பல் நிறமாகிக் கிடந்தது. கையால் பிடித்து லேசாக இழுத்தேன். கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் என்று பார்த்தால் ஒரு விரற்கடைகூட இல்லை. அந்தக் கிரீனை மறுபடி மூடினோம். மூன்று வாரத்தில் திறந்திருக்க வேண்டியது, அந்தப் பருவம் முழுக்கத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நான் தேதியைப் பார்ப்பதில்லை, வேரைப் பார்க்கிறேன். புல்லை இழுத்தால் இலை அறுந்து வர வேண்டும், செடியோடு வரக் கூடாது. பாய்ப்புல்லின் மூலையைத் தூக்கினால் தூக்க முடியக் கூடாது. வெட்டும் உயரத்தைப் படிப்படியாக இறக்கி, ஆட்டத்துக்கான உயரத்தில் சில வாரமாவது புல் வாடாமல் நிற்க வேண்டும். இவ்வளவும் தேறினால் நானே கயிற்றை அவிழ்ப்பேன். முதலில் வாரத்தில் சில நாள் மட்டும் திறப்போம்.

பங்கர் வேலையை ஆட்டத்தை நிறுத்தாமல் செய்ய முடியுமா?

முடியும். எல்லாப் பெரிய வேலையிலும் ஆட்டத்துக்கு அதிகம் இடைஞ்சல் தராதது இதுதான். ஒரு பங்கரை முழுக்கப் பழுதுபார்க்கும் நிலமாகக் குழு அறிவித்துவிட்டால், விதிப்படி அது பங்கராகவே இருக்காது. பொதுப்பகுதியாகிவிடும், அபராதமில்லாமல் வெளியே வைத்து ஆடலாம். உள்ளே பழைய மணலை அள்ளிவிட்டு, வடிகால் குழாயைச் சுத்தம்செய்து, மண்ணும் மணலும் கலக்காமல் இருக்க நடுவில் ஓர் அடுக்குப் போட்டு, அடியில் நான்கு அங்குலமும் சரிவில் இரண்டு அங்குலமுமாகப் புது மணல் போடுகிறோம். புது மணல் அமுங்கும்வரை பந்து பாதி புதையும். சில மழை பெய்தால் சரியாகிவிடும்.

இத்தனை வருடம் நின்ற மரத்தை ஏன் வெட்டுகிறீர்கள்?

மனம் கனக்கும் வேலைதான், எங்களுக்கும். ஆனால் கிரீனில் இருக்கும் புல்லுக்குக் காலை வெயில் வேண்டும். கிழக்கே மரம் அடர்ந்தால் பனி காயாது, நோய் பிடிக்கும். வேர்கள் கிரீனுக்குள் புகுந்து தண்ணீரைத் திருடும். பெர்முடா வகை என்றால் நிழலை அறவே தாங்காது. அமெரிக்காவின் ஓக்மான்ட் மைதானம் பல வருடங்களில் ஆயிரக்கணக்கான மரங்களை எடுத்தது. தொடக்கத்தில் உறுப்பினர்களின் எதிர்ப்புக்குப் பயந்து விடியும் முன்பே வெட்டி, அடையாளம் தெரியாமல் புல் போட்டு மூடினார்கள். அந்த வழியை நான் ஏற்கமாட்டேன். நிழல் எங்கே எத்தனை மணிக்கு விழுகிறது என்று படம் எடுத்துக்காட்டி, பலவீனமான கிரீனின் மண் குச்சியையும் கையில் கொடுத்தால், கேட்பவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

பார்-3 குழிகளின் டீ மட்டும் ஏன் எப்போதும் மொட்டையாக இருக்கிறது?

அங்கே எல்லாரும் இரும்பு மட்டையால் அடிக்கிறார்கள், ஒவ்வோர் அடியிலும் ஒரு துண்டுப் புல் பெயர்கிறது. வருடத்துக்கு ஆயிரம் சுற்று ஆடினால் பார்-4, பார்-5 டீக்கு 100 சதுர அடியும் பார்-3 டீக்கு அதுபோல இரண்டு மடங்கும் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் நெடுநாள் கணக்கு. 30,000 சுற்று நடக்கும் மைதானத்தில் அது 6,000 சதுர அடி. பல பழைய டீக்கள் இதில் பாதிகூட இருக்காது. புதுப்பிப்பில் கிரீனுக்கு அடுத்து நான் பணம் கேட்பது இதற்குத்தான்.

நாங்கள் என்ன உதவி செய்யலாம்?

பந்து விழுந்த பள்ளத்தைச் சரியாக மூடுங்கள். பலரும் கருவியைச் செருகி மண்ணை மேலே நெம்புகிறார்கள்; அதில் வேர் அறுந்து, நடுவில் புல் செத்துவிடுகிறது. ஓரத்துப் புல்லைச் சுற்றிலுமிருந்து நடுவை நோக்கித் தள்ளி, மட்டையால் தட்டினால் போதும். உடனே மூடியது சீக்கிரம் ஆறும், அப்படியே விட்டது வாரக்கணக்கில் தழும்பாக நிற்கும்.

வேலை நடக்கும் மாதங்களில் கயிற்றுக்கு வெளியே ஒரே வழியாக வரிசையாக நடக்காமல் பரவி நடந்தால் பெரிய உபகாரம். வண்டியைக் கிரீன் வாசல்வரை கொண்டுவர வேண்டாம்.

புதுக் கிரீனில் பந்து நிற்கவே மாட்டேன் என்கிறது. கல்போல இருக்கிறதே?

இருக்கும். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறையை ஒட்டிக் கட்டிய கிரீனில், மேலே 30 செ.மீ. மணல் கலவையும் அதன்கீழ் 10 செ.மீ. சரளையும் இருக்கும். புதிதில் மணல் மட்டும்தான். அடியைத் தாங்கும் தாட்ச் இன்னும் சேரவில்லை. பழைய கிரீனின் மெத்தைக்குப் பழகிய உங்கள் கைக்கு இது வேறு தரை. பந்தைக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கி ஓடவிடுங்கள். ஒன்று, இரண்டு வருடத்தில் புல் தனக்கு வேண்டிய மெத்தையைத் தானே போட்டுக்கொள்ளும். அது அளவாகச் சேர்ந்ததும் நாங்கள் மறுபடி குழல் முனையோடு வருவோம்.